பாயின்ட்டைக் கழற்றும் முன்

பெட்ரோல் அம்பாசிடரோ பத்மினியோ வைத்திருக்கும் இருவர் சந்தித்துக்கொண்டால், பேச்சு சீக்கிரமே ஒரு கேள்விக்கு வந்து நிற்கும்: பாயின்ட்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடலாமா? போட்டவர் ‘வண்டி பறக்குது’ என்பார். போடாதவர் ‘திண்டிவனம் தாண்டி நின்னுபோனா யாரு பார்க்கிறது?’ என்று கேட்பார். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. (டீசல் அம்பாசிடர்காரர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம். உங்கள் இன்ஜினில் ஸ்பார்க்கே கிடையாது.)

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடலாம், ஆனால் வரிசையில் அது கடைசி வேலை. எலக்ட்ரானிக் கிட் உங்களுக்குத் தரப்போவது, ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் விழும் ஸ்பார்க். அந்த நேரத்தைக் கெடுப்பது பாயின்ட் மட்டுமில்லை. அதற்கு அடியில் சுழலும் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட், அதன் புஷ், ஸ்பிரிங், காயிலுக்கு வரும் வயர் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. இவற்றைப் பார்க்காமல் கிட் வாங்குகிறவர்கள்தான் பிறகு கிட்டைத் திட்டுகிறார்கள்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். இந்த அமைப்பு நூறு ஆண்டுக்கும் மேல் பழையது. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி, 1910-ல் காடிலாக் கார்களில் வந்தது. நம் சாலைகளில் ஓடிய அம்பாசிடர், பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு எல்லாவற்றிலும் அதே ஏற்பாடுதான். பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட், சாவி வழியாகக் காயிலுக்குப் போகிறது. காயிலுக்குள் ஓர் இரும்புத் தண்டைச் சுற்றி இரண்டு சுற்றுகள். ஒன்று தடித்த கம்பி, சில நூறு சுற்று. மற்றொன்று முடி போன்ற மெல்லிய கம்பி, பல்லாயிரம் சுற்று. தடித்த சுற்றின் மறுமுனை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் வழியாக எர்த்தைத் தொடுகிறது. பாயின்ட் மூடியிருக்கும்போது கரன்ட் ஓடி, காயிலில் காந்தப்புலம் சேர்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவே சுழலும் நான்கு மூலை கேம், பாயின்ட்டைத் தள்ளித் திறக்கிறது. திறந்த அந்தக் கணத்தில் காந்தப்புலம் சரிந்து, மெல்லிய சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்புகிறது. அது கேப்புக்குள் வந்து, ரோட்டார் வழியாக, முறை வந்திருக்கும் சிலிண்டரின் பிளக்குக்குப் போகிறது. அம்பாசிடரில் அந்த முறை 1-3-4-2.

பாயின்ட் திறக்கும்போதுதான் ஸ்பார்க் விழுகிறது, மூடும்போது அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதி விஷயம் தானாகப் புரியும்.

பாயின்ட்டுக்குப் பக்கத்தில் சுண்டு விரல் அளவுக்கு ஒரு சிறிய டப்பா இருக்கும், அதுதான் கன்டென்சர். ஏறக்குறைய 0.2 மைக்ரோஃபாரட். பாயின்ட் திறக்கும்போது கரன்ட் அந்த இடைவெளியைத் தாவப் பார்க்கும். தாவினால் பாயின்ட்டின் முகம் கருகும், காந்தப்புலம் மெதுவாகச் சரியும், ஸ்பார்க் நோஞ்சானாகிவிடும். தாவவிடாமல் கரன்ட்டை அந்த நொடியில் வாங்கி வைத்துக்கொள்வதுதான் கன்டென்சரின் வேலை. காலையில் நன்றாகப் போன வண்டி, வெயிலில் ஒரு மணி நேரம் ஓடியபின் இழுத்து இழுத்துப் போனால், ஆறியதும் மறுபடி நன்றாக ஓடினால், கார்புரேட்டரைப் பிரிப்பதற்கு முன் கன்டென்சரை மாற்றிப் பாருங்கள். சூட்டில் மட்டும் கைவிடும் கன்டென்சர் அபூர்வமல்ல.

இப்போது பாயின்ட்டின் சங்கடங்களுக்கு வருவோம். அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பம். இந்தக் குடும்பத்துக்கு லூகாஸ் கொடுத்த 25டி4 டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட் இடைவெளி 14 முதல் 16 தவ், அதாவது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பீலர் கேஜ் இல்லாதபோது மெக்கானிக்குகள் விசிட்டிங் கார்டை நுழைத்து அட்ஜஸ்ட் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கேலி செய்ய வேண்டாம். நல்ல கார்டின் கனம் கிட்டத்தட்ட அந்த அளவுதான். வண்டியை வீடு வரை கொண்டுசேர்க்க அது போதும்; அதற்கு மேல் அதை நம்பக் கூடாது.

கேம்மின் மேல் உராய்ந்துகொண்டே இருப்பது பாயின்ட்டின் ஃபைபர் குதிகால். அது தேயத் தேய இடைவெளி குறுகும். குறுகினால் பாயின்ட் தாமதமாகத் திறக்கும், சீக்கிரம் மூடும். தாமதமாகத் திறந்தால் ஸ்பார்க் தாமதம். 25டி4-ல் ஒவ்வொரு 90 டிகிரியிலும் பாயின்ட் சுமார் 60 டிகிரி மூடியிருக்க வேண்டும். இந்தக் கோணம் 2 டிகிரி கூடினால், கிராங்க் ஷாஃப்ட் கணக்கில் டைமிங்கும் 2 டிகிரி பின்தங்கிவிடும். யாரும் எதையும் தொடாமலே, மாதக்கணக்கில், ஓட்டுபவருக்குத் தெரியாமலே வண்டி மந்தமாகும். பிக்கப் குறைந்தது, மைலேஜ் குறைந்தது, இன்ஜின் சூடாகிறது என்று ரேடியேட்டரைக் கழுவப் போவார்கள். கேம்மின் மேல் மெல்லிய கிரீஸ் பூச்சு இருந்தால் இந்தத் தேய்மானம் வெகுவாகக் குறையும். சர்வீஸில் பெரும்பாலும் விட்டுப்போவதும் அதுதான்.

பழைய பாயின்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். ஒரு முகத்தில் சின்னப் பள்ளம், எதிர் முகத்தில் அதே அளவில் ஒரு மேடு. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் துளி உலோகம் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போய் ஒட்டியிருக்கிறது. இந்த மேட்டின் மேல் பீலர் கேஜை வைத்து அளந்தால் வரும் எண் பொய். பிளேடு மேட்டைத்தான் தொடும், உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஓட்டுவது வழக்கம்தான். ஆனால் தேய்த்த முகங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதில்லை, துகளும் உள்ளே தங்கும். புது பாயின்ட் போடுவதே மேல். சிக்கல் என்னவென்றால், இன்று கடையில் கிடைக்கும் பாயின்ட்டின் தரம் சீராக இல்லை. ஒரு செட் நன்றாக உழைக்கும். அடுத்த செட்டில் குதிகால் சோப்பு மாதிரி கரைந்துவிடும். எலக்ட்ரானிக் பக்கம் ஆட்கள் திரும்புவதற்கு என் பார்வையில் இதுவே முதல் காரணம், வேகம் அல்ல.

வேகத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் 4000 ஆர்.பி.எம். சுற்றும்போது நிமிடத்துக்கு 8000 ஸ்பார்க், நொடிக்கு 133. ஒரு ஸ்பார்க்குக்கும் அடுத்ததற்கும் இடையே 7.5 மில்லி செகண்ட். அதில் பாயின்ட் மூடியிருந்து காயில் காந்தம் சேர்த்துக்கொள்ளும் நேரம் 5 மில்லி செகண்ட் மட்டுமே. ஐடிலிங்கில் இதைப் போல ஐந்தாறு மடங்கு நேரம் கிடைக்கும். அதனால்தான் ஐடிலிங்கில் சமாளிக்கும் சோர்ந்த காயில், மேட்டில் மூன்றாவது கியரில் அழுத்தும்போது மிஸ் ஆகிறது. ஆனாலும் நம் அம்பாசிடர் 6000 ஆர்.பி.எம். தொடும் வண்டி அல்ல. பந்தயக் கார்களுக்குச் சொல்லப்படும் நியாயங்களை இதற்குப் பொருத்திக் காட்டி விற்பவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதை தேவை.

‘40,000 வோல்ட் காயில்’ என்ற விளம்பரமும் அப்படித்தான். பிளக்கின் இடைவெளியைத் தாண்ட எவ்வளவு வோல்ட் வேண்டுமோ அவ்வளவுதான் ஏறும். தாண்டியதும் அங்கேயே நின்றுவிடும். சாதாரணப் பிளக் இடைவெளிக்கு ஐடிலிங்கில் பத்தாயிரம் வோல்ட்டை ஒட்டியே போதுமானதாக இருக்கும். சுமையில் இன்னும் கொஞ்சம் கூடும். நல்ல நிலையில் இருக்கும் பழைய காயில் 20,000 வோல்ட்டைத் தாண்டித் தரக்கூடியது. மீதித் திறன் கையிருப்பு. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி தளர்ந்தாலும், பிளக் தேய்ந்தாலும், ஈரமிருந்தாலும் அந்தக் கையிருப்பு உதவும். பவர் கூட்டாது.

இனி, கிட் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை. இங்கேதான் கொஞ்சம் நேரம் செலவழிக்கச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் மிச்சமாவதும் இங்கேதான்.

கேப்பைத் திறந்து ரோட்டாரை எடுத்துவிடுங்கள். மேலே தெரியும் ஷாஃப்ட்டின் தலையை இரு விரலால் பிடித்து, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் துளி அசைவு இருக்கலாம். பக்கவாட்டில் ஆடக் கூடாது. சந்தேகமிருந்தால் நான்கு கேம் மூலைகளிலும் தனித்தனியாகப் பாயின்ட் இடைவெளியை அளந்து பாருங்கள். ஒரு மூலையில் 14, எதிர் மூலையில் 18 என்று வந்தால் புஷ் போய்விட்டது, அல்லது ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இப்படிப்பட்ட டிஸ்ட்ரிபியூட்டரில் நான்கு சிலிண்டருக்கும் நான்கு விதமான டைமிங். டைமிங் லைட் அடித்தால் புல்லியின் குறி ஒரே இடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் நடுங்கும். நல்ல லேத் பட்டறையில் கொடுத்து வெண்கல புஷ் போட்டு, எண்ணெயில் ஊறவைத்து இறக்கச் சொன்னால் தீர்ந்துபோகும் வேலை. ஷாஃப்ட்டே தேய்ந்திருந்தால் வேறு டிஸ்ட்ரிபியூட்டர் தேட வேண்டியதுதான். சென்னையில் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் இருக்கும்வரை அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் வாங்கும்போதே, கடையிலேயே, ஷாஃப்ட்டை ஆட்டிப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்து அட்வான்ஸ். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை பற்றிக்கொண்டு முழுதாக எரியச் சில மில்லி செகண்ட் ஆகும். 1000 ஆர்.பி.எம்.மில் ஒரு மில்லி செகண்டில் கிராங்க் 6 டிகிரி திரும்புகிறது. 3000-ல் 18 டிகிரி. ஆகவே வேகம் கூடக் கூட ஸ்பார்க் முந்தி விழ வேண்டும். இதைச் செய்வது பாயின்ட் தட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும் இரண்டு எடைத்துண்டுகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும். ரோட்டாரை அது சுழலும் திசையிலேயே கையால் திருப்பி விடுங்கள். ஸ்பிரிங் இழுத்து, தானே பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் அங்கேயே நின்றால் உள்ளே துரு பிடித்து இறுகியிருக்கிறது. பிரித்துப் பார்க்கும்போது இரண்டில் ஒரு ஸ்பிரிங் தொளதொளவென்று தொங்கும். லூகாஸில் அது அப்படித்தான் இருக்க வேண்டும். நீண்ட கொக்கியோடு வரும் அந்த ஸ்பிரிங், வேகம் ஓரளவு ஏறிய பிறகுதான் வேலைக்கு வரும். அது போய்விட்டது என்று நினைத்து இறுக்கமான வேறொன்றைப் போட்டு, வண்டியை நிரந்தரமாக மந்தமாக்கியவர்கள் உண்டு.

பக்கவாட்டில் தட்டையான டப்பி போலத் தெரிவது வாக்குவம் அட்வான்ஸ். குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சினால் பாயின்ட் தட்டு நகர வேண்டும். நாக்கால் குழாயை அடைத்தால் நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. சீரான வேகத்தில் லேசான ஆக்சிலரேட்டரில் போகும்போது கிடைக்கும் மைலேஜ் பெருமளவு இதைப் பொறுத்தது. நம் ஊரில் இந்தக் குழாயை அடைத்துவிட்டு ‘அது தேவையில்லை சார்’ என்று சொல்லும் பழக்கம் ஒன்று இருக்கிறது. தேவை.

தட்டு நகரும்போது அதோடு சேர்ந்து நகர்வன இரண்டு சின்ன வயர்கள். ஒன்று வெளியிலிருந்து பாயின்ட்டுக்கு வருவது. மற்றொன்று தட்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்கு எர்த் கொடுப்பது. வருடக்கணக்கில் வளைந்து வளைந்து, மேலே உறை நன்றாக இருக்கும்போதே உள்ளே கம்பி இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். நின்ற இடத்தில் இன்ஜின் அருமையாக ஓடும். சாலையில் வாக்குவம் தட்டை இழுத்ததும் மிஸ் ஆகும். பட்டறையில் எவ்வளவு நேரம் நிறுத்திப் பார்த்தாலும் அகப்படாத கோளாறு இது. வயரை விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல நீண்டால் உள்ளே கம்பி இல்லை. எலக்ட்ரானிக் போட்டாலும் அந்த எர்த் வயர் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

பிறகு ஒரு மல்டிமீட்டர். சாவியைப் போட்டு, பாயின்ட் மூடிய நிலையில், காயிலின் சாவிப் பக்க முனையில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். பேட்டரியில் 12.5 இருந்து இங்கே 11-க்குக் கீழே இருந்தால், வழியில் எங்கோ ஒன்றரை வோல்ட் சூடாக வீணாகிறது: சாவி, கனெக்டர், அல்லது பத்து இடத்தில் ஒட்டுப்போட்ட வயர். லூகாஸ் வயரிங் முறையில் காயிலுக்கு வருவது வெள்ளை வயர். அதிலிருந்து பிற்காலத்தில் ஹாரனுக்கும் டேப் ரெக்கார்டருக்கும் யாராவது கிளை எடுத்திருப்பார்கள். அவற்றை எடுத்துவிட்டு, ஒரு ரிலே போட்டு, காயிலுக்குப் பேட்டரியிலிருந்து நேராகக் கரன்ட் கொடுத்தால் ஸ்பார்க் அப்போதே தெளிந்துவிடும். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுங்கள்.

கேப், ரோட்டார், பிளக் வயர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இருட்டில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டால், கசியும் வயரில் நீலமாக ஓடும் பொறி தானே காட்டிக்கொடுக்கும். கேப்பின் உள்பக்கம் பென்சில் கோடு போல ஒரு கருப்புக் கீறல் தெரிந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள்.

இவ்வளவும் சரியாகிவிட்டதா? பலருக்கு இங்கேயே திருப்தி வந்துவிடும், பாயின்ட்டோடு ஓட்டலாம். இல்லை, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குனிந்து இடைவெளி பார்க்கப் பொறுமையில்லை என்பவர்களுக்கு எலக்ட்ரானிக்.

இதில் வகைகள் பல. மிகப் பழையது, பாயின்ட்டை வைத்துக்கொண்டே டிரான்சிஸ்டர் சேர்ப்பது. கனமான கரன்ட்டை டிரான்சிஸ்டர் சுமக்கும். பாயின்ட் வெறும் சுவிட்சாக வேலை செய்யும். முகம் கருகாது, ஆனால் குதிகால் தேய்வது நிற்காது. அமெரிக்காவில் பாண்டியாக் 1963-லேயே டிரான்சிஸ்டர் இக்னிஷனைக் கூடுதல் வசதியாகக் கொடுத்தது. 1973-க்குள் கிரைஸ்லர் தன் கார்கள் எல்லாவற்றிலும் பாயின்ட்டை ஒழித்துவிட்டது. கெப்பாசிட்டரில் மின்சாரத்தைச் சேர்த்து ஒரேயடியாகக் காயிலுக்குள் கொட்டும் சி.டி.ஐ. முறையும் உண்டு. பைக்குகளுக்கும் உயர்வேக இன்ஜின்களுக்கும் அது நன்றாகப் பொருந்தும். அம்பாசிடருக்கு அவசியமே இல்லை.

நமக்குப் பொருந்துவது, பாயின்ட்டும் கன்டென்சரும் இருந்த இடத்திலேயே உட்காரும் சின்ன மாட்யூல். கேம்மின் மேல் காந்தங்கள் பதித்த ஒரு வளையம். பக்கத்தில் ஒரு சென்சார். 1879-ல் எட்வின் ஹால் கண்டுபிடித்த விளைவை அடிப்படையாகக் கொண்டது அது. காந்தம் கடக்கும்போது சென்சார் உணர்ந்து, காயிலின் கரன்ட்டை அறுக்கிறது. உராய்வது எதுவுமில்லை, தேய்வது எதுவுமில்லை. அமெரிக்காவின் பெர்ட்ரானிக்ஸ் இந்த வகைக்குப் பெயர் பெற்றது. பிரிட்டனின் லூமெனிஷன் காந்தத்துக்குப் பதில் ஒளிக்கற்றையைப் பயன்படுத்துகிறது. முழு டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றி, அட்வான்ஸ் வளைவைக்கூட உள்ளேயே பதிவு செய்து தரும் நெதர்லாந்தின் 123 இக்னிஷன் போன்றவையும் கிடைக்கின்றன. லூகாஸ் 25டி4, 45டி4 இரண்டுமே பழைய பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்தவை என்பதால், வெளிநாட்டு எம்.ஜி.பி. கார்களுக்கு என்று விற்கும் கிட்கள் பெரும்பாலும் நம் வண்டிக்கும் உட்காரும். ஆர்டர் போடும் முன் டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துக்கொள்ளுங்கள். முந்தைய சொந்தக்காரர் எதை மாட்டியிருக்கிறார் என்பது ஆர்.சி. புத்தகத்தில் இருக்காது.

மாட்டும் வேலை எளிது. பேட்டரியைக் கழற்றுங்கள், பாயின்ட்டையும் கன்டென்சரையும் எடுங்கள், மாட்யூலை இறுக்குங்கள், வளையத்தை கேம்மில் அழுத்தி மேலே ரோட்டாரை வையுங்கள். பெரும்பாலான மாட்யூல்களில் சிவப்பு வயர் காயிலின் பிளஸ்ஸுக்கு, கருப்பு மைனஸுக்கு. ஸ்குரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். அதைக் கெடுத்துக்கொள்ளும் வழிகள்தான் அதிகம்.

முதலாவது எர்த். மோரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் பிளஸ்தான் பாடியோடு இணைந்திருக்கும். நெகட்டிவ் எர்த் மாட்யூலை அதில் மாட்டினால், சாவி திருப்பிய நொடியில் அது போய்விடும். பாசிட்டிவ் எர்த்துக்கென்று தனியாகக் கிட் உண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது காயில். பழைய லூகாஸ் காயிலின் முதல் சுற்றை மீட்டரில் அளந்தால் 3 ஓமை ஒட்டி வரும். 12 வோல்ட்டில் அது 4 ஆம்பியர். ‘ஸ்போர்ட்ஸ் காயில்’ என்று வாங்கும் பலவற்றில் 1.5 ஓம்தான் இருக்கும், கரன்ட் இரட்டிப்பாகும். சில மாட்யூல்கள் அதைத் தாங்கும், சில தாங்காது. கிட்டோடு வரும் தாளில் குறைந்தபட்ச ஓம் போட்டிருக்கும். பிந்தைய சில வண்டிகளில் காயிலுக்கு முன்னால் ஒரு பேலஸ்ட் ரெசிஸ்டர் இருக்கும், அங்கே 1.5 ஓம் காயில் முறையானதுதான். அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு அதே காயிலை ஓட்டினால், காயில் கையைச் சுடும்.

மூன்றாவது, இன்ஜின் ஓடாமல் சாவியைப் போட்டபடி பாட்டுக் கேட்பது. 12 வோல்ட், 4 ஆம்பியர் என்றால் 48 வாட் சூடு, சும்மா நிற்கும் காயிலுக்குள். பாயின்ட் காலத்திலும் இது கெடுதல்தான். ஆனால் அப்போது பாயின்ட் திறந்த நிலையில் நின்றிருந்தால் தப்பிக்கலாம். எளிய மாட்யூல்கள் பலவற்றில் அந்தச் சலுகை கிடையாது.

நான்காவது பிளக் வயர். பழைய செப்புக் கம்பி வயர்களிலிருந்து கிளம்பும் மின் இரைச்சல், எலக்ட்ரானிக் மாட்யூலைக் குழப்பும். கார்பன் வயர் போடுங்கள், இல்லையென்றால் ரெசிஸ்டர் உள்ள பிளக்குகள்.

காயிலின் இரு முனைகளை மாற்றிக் கொடுத்தாலும் வண்டி ஓடும். அதனால்தான் அது கண்ணில் படாமல் வருடக்கணக்கில் கிடக்கும். பிளக்கின் நடு முனைதான் அதிகம் சூடாக இருக்கும்; சூடான முனையிலிருந்து எலக்ட்ரான் கிளம்புவது எளிது. அந்த முனை நெகட்டிவாக இருக்க வேண்டும். முனைகள் மாறினால் அதே பொறிக்குக் காயில் கூடுதல் வோல்ட் கொடுத்தாக வேண்டியிருக்கும். பழைய காயிலில் எஸ்.டபிள்யூ., சி.பி. என்று எழுதியிருக்கும். முதலாவது சாவிக்கு, இரண்டாவது டிஸ்ட்ரிபியூட்டருக்கு என்பது வண்டியின் பழைய எர்த் அமைப்புக்கு ஏற்ற கணக்கு. இடையில் யாராவது எர்த்தை மாற்றியிருந்தால் அதுவும் மாறும்.

மாட்யூல் மாட்டியபின் டைமிங்கைக் கட்டாயம் புதிதாக வைக்க வேண்டும். பாயின்ட் திறந்த இடமும் சென்சார் உணரும் இடமும் ஒன்றாக இருக்காது. வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, புல்லியின் குறியில் வெள்ளைப் பெயின்ட் தொட்டு வைத்து, டைமிங் லைட் அடியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பை ரோட்டார் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் டைமிங் முந்தும்; அதே திசையில் திருப்பினால் பிந்தும். முன்பு நடுங்கிக்கொண்டிருந்த குறி இப்போது ஒட்டிவைத்தது போல் நிற்பதைப் பார்க்கும்போதுதான், காசு கொடுத்து வாங்கியது என்னவென்று கண்ணுக்குத் தெரியும்.

எத்தனை டிகிரி என்ற கேள்வியில் மேனுவலை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். அந்த மேனுவல் எழுதப்பட்டது ஈயம் கலந்த, குறைந்த ஆக்டேன் பெட்ரோல் காலத்தில். 2000-க்குப் பிறகு நாடு முழுதும் ஈயமில்லாத பெட்ரோல்தான்; சாதாரணப் பெட்ரோலே இப்போது குறைந்தது 91 ஆக்டேன். இப்போது அதில் 20 சதவீதம் எத்தனாலும் சேர்ந்துவிட்டது. எத்தனால் எரியக் குறைந்த காற்றே போதும். அதாவது, பழைய ஜெட் மாறாமல் இருந்தால் கலவை நீர்த்துப்போகும். நீர்த்த கலவை பற்றிக்கொள்ளச் சிரமப்படும், மெதுவாக எரியும். ஆகவே இரண்டு மூன்று டிகிரி முந்த வைத்துப் பார்க்கலாம். நல்ல ஸ்பார்க்கும் இந்த இடத்தில் நிஜமாகவே உதவும். எல்லையை இன்ஜினே சொல்லும். மேட்டில் உயர்ந்த கியரில் அழுத்தும்போது ‘கிணிகிணி’ என்று நாக்கிங் கேட்டால், கேட்காத இடம் வரை பின்னால் கொண்டுவாருங்கள். பிளக் இடைவெளியை 25 தவ்விலிருந்து 30-க்குக் கூட்டலாம். அதற்கு மேல் போனால் கேப்புக்கும் ரோட்டாருக்கும்தான் சுமை.

கலவை நீர்த்திருக்கும் பட்சத்தில் கார்புரேட்டரையும் ஒரு கை பார்க்க வேண்டியிருக்கும். டைமிங் நிலையாக நின்ற பிறகு அதைத் தொடுங்கள். முன்னால் தொட்டால் இரண்டையும் மாற்றி மாற்றித் திருகிக்கொண்டே இருப்பீர்கள்.

பலன் என்ன? காலையில் அரைச் சுற்றில் ஸ்டார்ட் ஆகும். ஐடிலிங் சீராகும். மேட்டில் திணறல் குறையும். கெட்டுப்போன பாயின்ட்டிலிருந்து மாறியவருக்கு மைலேஜ் கொஞ்சம் மீளும். நன்றாக வைத்திருந்த பாயின்ட்டிலிருந்து மாறியவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாமல் போகலாம், அதில் ஏமாற்றமடைய ஒன்றுமில்லை. குதிரைத்திறன் கூடாது.

‘திண்டிவனம் தாண்டி’ கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். பாயின்ட் சாகும்போது சொல்லிக்கொண்டு சாகும். முக்கி முனகியாவது அடுத்த ஊர் சேர்த்துவிடும். மாட்யூல் சொல்லாமல் நிற்கும். ஆகவே கழற்றிய பாயின்ட், வேலை செய்யும் கன்டென்சர், சிறிய ஸ்குரூடிரைவர், பீலர் கேஜ் நான்கையும் ஒரு டப்பாவில் போட்டு டேஷ்போர்டில் வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் இரண்டு நிலைகளையும், பாயின்ட்டுக்கு ஒன்று மாட்யூலுக்கு ஒன்று, இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் கோடாகக் குறித்து வைத்துவிட்டால், வழியில் நின்றாலும் லாரி ஷெட் நிழலில் அரை மணி நேர வேலைதான். பழைய நிலைக்கு மாற்றி ஓட்டும்போது காயில் 3 ஓம் உள்ளதா என்பதை மட்டும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள், 1.5 ஓம் காயிலில் பாயின்ட் அடுத்த டோல்கேட் வரைகூடத் தாங்காமல் போகலாம்.